மாடியில் குடும்பம், கீழே அஞ்சலிக் கூடம்

அமெரிக்கச் சிற்றூர்களின் பிரதான சாலையில், வெள்ளைத் தூண்களும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட பழைய மரவீடு ஒன்று அநேகமாக இருக்கும். வசதியான குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடு என்று பார்த்ததும் தோன்றும். வாசல் பலகையில் ஒரு குடும்பப் பெயரும் அதையடுத்து 'அண்டு சன்ஸ்' என்ற சொற்களும் எழுதியிருக்கும். அதுதான் அந்த ஊரின் 'ஃபியூனரல் ஹோம்'. இலங்கைத் தமிழர் இத்தகைய இடத்தை மலர்ச்சாலை என்பார்கள். தமிழ்நாட்டில் இப்படியோர் அமைப்பு பரவலாக இல்லாததால் அதற்கென்று பொதுவான பெயரும் வரவில்லை; இலங்கையார் தந்த பெயரே போதுமான அழகோடு இருக்கிறது. 2021 வாக்கில் அமெரிக்காவில் ஏறத்தாழ 19,000 மலர்ச்சாலைகள் இருந்தன. அவற்றில் பத்துக்கு ஒன்பது, குடும்பங்களோ தனிநபர்களோ நடத்தியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கும் சாவு வீட்டு வேலைகளை வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே பார்த்தார்கள். பெண்கள் உடலைக் குளிப்பாட்டி உடுத்தி முன்கூடத்தில் கிடத்தினார்கள். ஊர்த் தச்சர் அளவெடுத்துப் பெட்டி செய்தார். குதிரை லாயம் வைத்திருந்தவர் வண்டி கொடுத்தார். கட்டிலும் அலமாரியும் செய்து விற்ற தச்சர்கள் நாளடைவில் மற்ற வேலைகளையும் தாங்களே பார்த்துத்தரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு 'அண்டர்டேக்கர்' என்று பெயர் வந்தது. பொறுப்பை ஏற்றுக்கொள்பவர் என்பதுதான் அதன் பொருள். நூறாண்டு கடந்த பல மலர்ச்சாலைகளின் குடும்பக் கதை ஒரு மரச்சாமான் கடையில்தான் ஆரம்பிக்கிறது.

தச்சரின் பக்கத்தொழிலைத் தனித்தொழிலாக மாற்றியது போர். 1861 முதல் 1865வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரைவிட்டு நெடுந்தொலைவில் இறந்த மகனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தாய்மார் துடித்தார்கள். தமனி வழியாக ரசாயனத்தைச் செலுத்தி உடல் கெடாமல் வைக்கும் 'எம்பாமிங்' முறை அப்போது கைகொடுத்தது. தாமஸ் ஹோம்ஸ் என்பவர், 1861 மே மாதம் கொல்லப்பட்ட எல்மர் எல்ஸ்வொர்த் என்ற இளம் அதிகாரியின் உடலை இம்முறையில் பதப்படுத்தினார். எல்ஸ்வொர்த் அதிபர் லிங்கனுக்கு நெருங்கியவர். அவருடைய உடல் வெள்ளை மாளிகையில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது இந்த முறை நாடறிந்ததாயிற்று. 1865 ஏப்ரலில் லிங்கனே சுட்டுக்கொல்லப்பட்டார். வாஷிங்டனிலிருந்து இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவருடைய உடலை ரயிலில் கொண்டுசென்றார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்ட அந்தப் பயணத்தில், நின்ற பல நகரங்களில் மக்கள் வரிசையாக வந்து முகம் பார்த்தார்கள். 1862இல் பதினொரு வயதில் இறந்த அவருடைய மகன் வில்லியின் பெட்டியும் அதே ரயிலில் தகப்பனோடு சென்றது. எம்பாமிங்கை அமெரிக்கர்கள் வழக்கமாக ஏற்றுக்கொண்டதில் அந்த ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

1882இல் அண்டர்டேக்கர்களின் தேசியச் சங்கம் உருவானது. 'ஃபியூனரல் டைரக்டர்' என்ற புதிய பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டில் சின்சினாட்டி நகரில் எம்பாமிங் பள்ளி ஒன்று திறந்தது. பிறகு மாநிலம் மாநிலமாக உரிமமும் தேர்வும் வந்தன. நகரத்து வீடுகள் சிறுத்து, சாவு மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது, வீட்டு முன்கூடத்தில் கிடத்தும் வழக்கம் போய் மலர்ச்சாலையின் கூடத்தில் கிடத்தும் வழக்கம் வந்தது. பெரிய வீடுகளை வாங்கிய மலர்ச்சாலைக் குடும்பங்கள் கீழ்த்தளத்தில் தொழிலையும் மாடியில் குடித்தனத்தையும் வைத்துக்கொண்டன. கீழே அஞ்சலி நடக்கும் நேரத்தில் மாடியில் குழந்தைகள் ஓடக்கூடாது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்கக்கூடாது. வாசனை கீழே இறங்கும் சமையல் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளைகளே அடுத்த தலைமுறையில் பொறுப்புக்கு வந்தார்கள். படுத்த நிலையில் கிடத்தக்கூடிய நீண்ட வண்டி அவர்களிடம் மட்டுமே இருந்ததால், 1970கள்வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதும் மலர்ச்சாலைக்காரர்கள்தாம். நெஞ்சுவலிக்கு இரவில் ஓடிவந்தவரே பின்னொரு நாள் கடைசிப் பயணத்துக்கும் வந்தார்.

மலர்ச்சாலையின் வேலை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. நள்ளிரவு இரண்டு மணியானாலும் எடுத்துப் பேசியாக வேண்டும். சிறிய மலர்ச்சாலைகளில் அந்தத் தொலைபேசி உரிமையாளரின் தலைமாட்டிலேயே இருக்கும். உடுத்த வேண்டியதை ஒழுங்காக உடுத்தி, இருவராகப் போவார்கள். போனதும் உடலைத் தூக்கிவிடுவதில்லை. இன்னும் சற்றுநேரம் உடனிருக்க விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பிறகு கணுக்காலிலோ மணிக்கட்டிலோ பெயர்ச்சீட்டைக் கட்டி, போர்த்தி, மாடிப்படியில் முட்டாமல் மோதாமல் இறக்குவார்கள்.

மறுநாள் குடும்பத்தார் வந்து உட்காரும்போது முதலில் கேட்கப்படுவது சடங்கைப் பற்றியல்ல. இறந்தவரைப் பற்றிய விவரங்கள். பிறந்த ஊர், படிப்பு, பார்த்த வேலை, தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர். இறப்புச் சான்றிதழில் இவையெல்லாம் வேண்டும். மரணக் காரணத்தை மருத்துவர் எழுதுவார். மற்றதைத் திரட்டிப் பதிவு செய்வது மலர்ச்சாலையின் கடமை. பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த இடத்தில் பேச்சு தடைப்படும்; யாராவது அத்தைக்குத் தொலைபேசி போடுவார்கள். மூன்று தலைமுறையாக அதே ஊரில் இருக்கும் மலர்ச்சாலையிலோ, அந்தப் பாட்டியின் அடக்கத்தைப் பதிந்த ஏடு பின்னறையில் இருக்கலாம். வங்கி, காப்பீடு, வீட்டுப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழின் நகல் கேட்பார்கள் என்பதால் எத்தனை நகல் வாங்குவது என்றும் அங்கேயே சொல்லிவிடுவார்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் தெரிவிப்பதும், செய்தித்தாளுக்கு இரங்கல் குறிப்பு எழுதுவதும், இறந்தவர் முன்னாள் படைவீரரானால் தேசியக் கொடியும் ராணுவ மரியாதையும் பெற்றுத்தருவதும் இந்த வேலையில் அடங்கும். அழுது ஓய்ந்த குடும்பத்துக்குக் கைகொடுப்பதில் பெரும்பகுதி இத்தகைய காகித வேலைதான். வெளியே தெரியாத இந்த உழைப்புக்கு உரிய மதிப்பை யாரும் கொடுப்பதில்லை.

பின்னறையில் நடப்பது இன்னொரு கலை. கழுத்துத் தமனி வழியாக மருந்துநீர் உள்ளே செல்ல, சிரை வழியாக இரத்தம் வெளியேறும். உடலின் நிலையைப் பொறுத்துச் சில மணி நேரம் பிடிக்கும். இமை திறந்துகொள்ளாதபடி உள்ளே மெல்லிய மூடி வைப்பார்கள். வாயை இயல்பாகப் பொருத்துவார்கள். குடும்பத்திடம் ஒரு புகைப்படம் கேட்டு வாங்குவார்கள். வகிடு வலப்பக்கமா இடப்பக்கமா, கண்ணாடி எப்போதும் போட்டிருப்பாரா, வாசிக்கும்போது மட்டுமா, நகப்பூச்சு என்ன நிறம் என்று பார்ப்பதற்காக. வகிடு மாறிப்போனால் மனைவி பெட்டியருகே வந்தவுடன் கண்டுகொள்வாள். இந்தச் சிறு தவறு ஒரு குடும்பத்தின் கடைசி நினைவைக் கெடுத்துவிடும் என்பதை அறிந்தவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்.

அடக்கத்துக்கு முந்திய மாலையில் ஊரார் வந்து முகம் பார்த்துத் துக்கம் விசாரிப்பார்கள். மலர்ச்சாலைக்காரர் வாசலருகே நின்றுகொண்டிருப்பார். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி யார், முதல் மனைவி எந்த வாசல் வழியாக வருவார், கல்லறைக்குப் போகும் வண்டியில் யாரை யாரோடு உட்கார வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மிச்சிகன் மாநிலத்தின் மில்ஃபோர்டு ஊரில் மலர்ச்சாலை நடத்திய கவிஞர் தாமஸ் லிஞ்ச், இந்த வாழ்க்கையை 1997இல் 'தி அண்டர்டேக்கிங்' என்ற கட்டுரை நூலாக்கினார். தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்த தொழிலை உள்ளிருந்து காட்டிய நூல் அது.

கறுப்பின மக்களின் மலர்ச்சாலைகள் இந்த வரலாற்றில் தனியிடம் பெறுபவை. வெள்ளையர் நடத்திய இடங்கள் அவர்களுடைய உடல்களை ஏற்கவில்லை, ஏற்றாலும் மரியாதையாக நடத்தவில்லை. அதனால் கறுப்பினக் குடும்பங்கள் சொந்தமாகத் தொடங்கின. அந்த உரிமையாளர்களின் வருமானம் வெள்ளையர் கையில் இல்லை. ஆகவே அஞ்சாமல் நிற்க முடிந்தது. 1955இல் மிசிசிப்பியில் கொடூரமாகக் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் உடல் சிகாகோவுக்கு ஆணியடித்த பெட்டியில் வந்தது. தாய் மேமி டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று திறந்த பெட்டியிலேயே மகனை வைத்தார். ஏ. ஏ. ரேய்னரின் மலர்ச்சாலை அதற்கு உடன்நின்றது. 'ஜெட்' இதழில் வெளிவந்த படம் குடிமை உரிமைப் போராட்டத்துக்குத் தீ மூட்டியது. பர்மிங்ஹாமில் மலர்ச்சாலைத் தொழிலில் செல்வரான ஏ. ஜி. காஸ்டனின் விடுதியில்தான் 1963 போராட்டத்தின்போது மார்ட்டின் லூதர் கிங் தங்கினார்.

துக்கத்தில் இருப்பவர் விலை பேசமாட்டார். குடும்பத்தின் நம்பிக்கைக்கு அடிப்படையும் இதுதான், ஏமாற்றுக்கு வழியும் இதுதான். ஜெசிகா மிட்ஃபோர்டு 1963இல் எழுதிய 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்' என்ற நூல், தேவையற்ற விலையுயர்ந்த பெட்டிகளை இத்தொழில் குடும்பங்களின் தலையில் கட்டுவதை அம்பலப்படுத்தியது. பெரும் விற்பனை கண்ட அந்நூலும் அதைத் தொடர்ந்த விவாதமும், மத்திய வணிக ஆணையத்தின் விதிகள் 1984இல் நடைமுறைக்கு வர வழிசெய்தன. கேட்பவருக்கு எழுத்தில் விலைப்பட்டியல் தர வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் திணிக்கக்கூடாது. பின்னர் வந்த திருத்தத்தின்படி, பெட்டியை வெளியே வாங்கிவந்தால் அதற்குத் தனிக்கட்டணம் விதிக்கக்கூடாது. எம்பாமிங் சட்டப்படி கட்டாயம் என்று பொய் சொல்லக்கூடாது. 2023இல் முகம் பார்க்கும் சடங்கோடு கூடிய அடக்கத்தின் இடைநிலைச் செலவு சுமார் 8,300 டாலர். கல்லறை இடமும் நினைவுக்கல்லும் தனி.

பெருநிறுவனங்கள் இத்தொழிலுக்குள் வந்ததும் இதே காலத்தில்தான். ஹூஸ்டனில் குடும்ப மலர்ச்சாலையைப் பெற்ற ராபர்ட் வால்ட்ரிப், 1962இல் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை நடத்துகிறது. வாங்கிய இடங்களில் பழைய குடும்பப் பெயரைப் பலகையில் அப்படியே விட்டுவைப்பது இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். ஊர் நம்புவது அந்தப் பெயரைத்தான். எனவே உரிமையாளர் இன்னார் என்பது வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதே நியாயம்.

இந்தப் பெருக்கத்தை எதிர்த்து நின்ற குடும்பம் ஒன்று நாடறிந்தது. மிசிசிப்பியின் பிலாக்சியில் தலைமுறைகளாக மலர்ச்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜெரமையா ஓகீஃப். இரண்டாம் உலகப்போரில் போர்விமானி, பின்னர் அந்த ஊரின் மேயர். இத்தகைய பெருநிறுவனமான கனடாவின் லோவன் குழுமம் ஒப்பந்தத்தை மீறியது என்று அவர் வழக்குத் தொடுத்தார். வில்லி கேரி என்ற கறுப்பின வழக்கறிஞர் வாதாடினார். 1995இல் ஜாக்சன் நகர ஜூரி 50 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. மறு ஆண்டு 17.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1999இல் லோவன் குழுமம் திவால் பாதுகாப்பு கோரியது. 2023இல் வந்த 'தி பரியல்' திரைப்படம் இந்த வழக்கைத்தான் சொல்கிறது.

1960இல் அமெரிக்காவில் இறந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரைக்கூட எரியூட்டவில்லை. இன்று பாதிக்கும் மேல். எரியூட்டுமுன் இதயமுடுக்கிக் கருவியை எடுத்துவிடுவார்கள், வெப்பத்தில் வெடிக்கும் என்பதால். எண் பொறித்த சிறு உலோக வில்லை உடலோடே உலைக்குள் போய் அஸ்தியோடு திரும்பும். பெட்டி விற்பனை குறைந்ததால் குடும்ப மலர்ச்சாலைகளின் வருமானம் சுருங்கியது.

அங்கே குடியேறிய தமிழ் இந்துக் குடும்பங்களும் இதே வாசலுக்குத்தான் வருகின்றன. வேட்டியோ புடவையோ கொண்டுவந்து உறவினரே உடுத்த அறை கொடுப்பது, புரோகிதருக்கும் வாய்க்கரிசிக்கும் நேரம் ஒதுக்குவது, உலையருகே குடும்பத்தை அனுமதிப்பது எல்லாம் பல மலர்ச்சாலைகளுக்குப் பழகிவிட்டன. கொள்ளி வைக்க வேண்டிய மகன் அங்கே உலையின் பொத்தானை அழுத்துகிறான். உடலை ஊருக்கு அனுப்புவதானால் எம்பாமிங் சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், ரத்துசெய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று அனைத்தையும் மலர்ச்சாலையே திரட்டி விமானத்தில் ஏற்றுகிறது.

இரவும் விடுமுறையும் இல்லாத இந்த வேலைக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருவதில்லை. வாரிசு இல்லாமல் பல இடங்கள் கைமாறுகின்றன. மறுபுறம், ஆண்களின் தொழிலாக இருந்த இதற்குப் படிக்க வருபவர்களில் இன்று பெண்களே அதிகம். 'அண்டு சன்ஸ்' என்ற பலகைக்குக் கீழே மகள்கள் பொறுப்பேற்கிறார்கள்.

அடக்கம் முடிந்த பிறகும் மலர்ச்சாலையின் பொறுப்பு முடிவதில்லை. யாரும் வாங்க வராத அஸ்திக் கலசங்கள் பல இடங்களில் பத்தாண்டுக் கணக்கில் அலமாரியில் இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அடக்கம் செய்துவிடலாம் என்று மாநிலச் சட்டங்கள் அனுமதித்தாலும், என்றாவது ஒரு பேத்தி வந்து கேட்கக்கூடும் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றில் முன்னாள் படைவீரர்களின் அஸ்தியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தன்னார்வலர்கள் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். பெயர் உறுதியானதும் கலசம் ராணுவக் கல்லறைக்குப் போகிறது; உறவினர் இல்லாத அந்த அடக்கத்துக்கு மலர்ச்சாலைக் குடும்பமே போய் நிற்கிறது.