காந்தளுக்கு ஒரு வேலி வேண்டும்

மாநில மலரை வீட்டில் வளர்க்கும் ஆசை இப்போது பரவலாகியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் குழாயை நட்டு, செங்காந்தளைச் சணலால் இறுக்கிக் கட்டிவைத்திருக்கும் மொட்டைமாடிகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இந்தக் கொடியை யாரும் கட்டிவிட வேண்டாம். அதன் இலைநுனியே நீண்டு மெலிந்து சுருண்டு, எட்டின சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். வழுக்குகிற குழாயில் அந்தப் பிடி நிற்காது. காட்டோரப் புதரில் அடி நிழலிலும் தலை வெயிலிலுமாக ஏறிப் பழகிய கொடி இது. பக்கத்தில் ஒரு மருதாணியோ செம்பருத்தியோ இருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

நடுவதற்கு ஆடி, ஆவணி ஏற்ற பருவம். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. எனவே பூப்போல எடுத்து, படுக்கைவாட்டில், நாலு விரற்கடை ஆழத்தில் வையுங்கள். செம்மண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்தால் நல்லது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு வந்தால் ஒரே வாரத்தில் இலை காலி. கண்ட அன்றே பொறுக்கி எறிய வேண்டும். விதை போட்டு வளர்க்கலாம், ஆனால் பூவைப் பார்க்கச் சில வருஷம் பொறுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்போது ஒரு பூவைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பச்சை மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது அலை ஓரம் கொண்ட ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கும். பச்சை மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாளில் பூ முழுதும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் விலகி நீளும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாதபடி ஓர் ஏற்பாடு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் இதுவே முதலாவது என்பதில் வியப்பில்லை.

தை, மாசியில் கொடி மஞ்சளாகிச் சாயும். செத்துப்போய்விட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். பழைய கிழங்கு சுருங்கியிருக்கும், புதுக் கிழங்கு உள்ளே உறங்கும். தண்ணீரை நிறுத்திவிட்டு அடுத்த மழைவரை அதை விட்டுவிடுங்கள்.

விஷச்செடி ஆயிற்றே என்பவர்கள் உண்டு. உண்மைதான். கொடி முழுக்க கொல்கிசின் என்னும் நஞ்சு. தின்னும் கிழங்கென்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளும் ஆடுமாடுகளும் புழங்கும் இடத்தில் வேண்டாம், கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். முற்றத்து அரளிக்கும் இதே எச்சரிக்கைதான்.

எனக்குக் கவலை வேறிடத்தில். காந்தள் தானாக வளர்ந்த இடம் வேலி. மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி முள்கிளுவை வேலி. கிளுவைப் போத்தை நட்டால் வேர் பிடித்துத் தலைமுறைக்கும் நிற்கும். அதன் தூரில் பிரண்டை, கோவை, காந்தள். உள்ளே ஓணான், கௌதாரி. இன்று அந்த வேலியை ஜேசிபி அரை நாளில் வழித்தெடுத்துவிடுகிறது. கல்தூணும் கம்பியும் வந்துவிடுகின்றன. வேலியோடு போன கிழங்கு எத்தனையோ, கணக்கெடுப்பார் இல்லை. அளவு துல்லியமாக வேண்டும், இரண்டு அடி நிலம் வீணாகிறது என்கிறார்கள். அந்த இரண்டு அடியில்தான் இத்தனையும் பிழைத்திருந்தது.

இதே வட்டாரத்தில்தான் மருந்துக்காகக் கண்வலி விதை, அதாவது காந்தள் விதை, சாகுபடியும் நடக்கிறது. காட்டில் பூச்சிகள் செய்கிற வேலையை அங்கே ஆட்கள் விடியற்காலையில் பூப்பூவாகத் தொட்டுச் செய்கிறார்கள். கொடி ஏறப் பல தோட்டங்களில் கிளுவையையே நடுகிறார்கள். வேலியிலிருந்து பிடுங்கியதை, கொடிக்காகத் தோட்டத்துக்குள் நட வேண்டியிருக்கிறது.

ஆகவே கிழங்கு வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மலையடிவாரத்தில் தோண்டியதென்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விதை அறுவடை முடிந்து தண்டு காய்ந்த பிறகு விவசாயிகள் கிழங்கு எடுப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இரண்டு மூன்று கிடைக்கும். கொஞ்சம் இடம் உள்ளவர்கள் மதில் ஓரமாக நாலு கிளுவைப் போத்தையும் மழைக்கு முன்பே ஊன்றிவிடுங்கள். அது துளிர்த்து நிற்கும்போது, காந்தள் ஏற இடம் தயாராக இருக்கும்.