நான் சேர்க்காத பச்சைக்கல்

பச்சைக் கற்கள் சேர்ப்பது எனது பொழுதுபோக்கு. தோரமல்லி, பெரிடோட் எனச் சில சிறு கற்கள் என்னிடமுண்டு. ஏகனைட் மட்டும் இல்லை. 1953இல் எஹலியகொடையில் எஃப்.எல்.டி. ஏகநாயக்க கண்டறிந்த கனியம் இது. 1961இல் அவரது பெயராலேயே அழைக்கப்பட்டது.

"நம் நாட்டுக் கல்தானே, வாங்கித் தாருங்கள்" என்று வாப்பாவிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். எனக்குக் கோபம். காரணத்தைப் பின்னர் படித்தறிந்தேன்.

ஏகனைட்டில் தோரியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் உள்ளது. அதன் கதிர்வீச்சு, பல கோடி ஆண்டுகளில் கல்லின் பளிங்கு ஒழுங்கையே உள்ளிருந்து சிதைத்துவிடுகிறது. வெளியே பச்சை மினுங்கும். உள்ளமைப்போ கண்ணாடியைப் போலாகிவிடும். அதனை ஆபரணமாக அணிவதும் படுக்கையறையில் வைப்பதும் நல்லதல்ல.

தோழியரே, கல்லின் நிறத்தில் மயங்குமுன் அதனுள் இருப்பதைக் கேட்டறியுங்கள்.