காவிரி நெல்லுக்கு ரங்கூன் விலை

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, கடலுக்குப் போகும் வழியும் குறுக்குவழி. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே சாயும். காவிரியிலோ ஓட்டம் மந்தப்பட்டு மணல் படியும். படுகை உயர உயர, வரும் தண்ணீர் இன்னும் குறையும். இப்படித்தான் தஞ்சாவூர் வயல்கள் வறளத் தொடங்கின. 1836-ல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்ட ஆரம்பித்தார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே அவர் கற்றார். அணை எழுந்தது; காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது.

காட்டனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் யாருக்காக விளைந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

1799-லேயே கிழக்கிந்தியக் கும்பினி தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சரபோஜியிடமிருந்து நாட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. முன்பு அரசன் பங்கு களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்படும். கும்பினி பணமாகக் கேட்டது. கிஸ்தி கட்ட, அறுத்த கையோடு நெல்லை விற்றாக வேண்டும். ஊரே ஒரே சமயத்தில் விற்றால் விலை என்ன ஆகும்? 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. டெல்டா அரிசி கப்பலேறி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் உலைக்குப் போனது. நாற்று நட்ட கூலியாட்களும் அதே நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள்.

கடலுக்கு அப்பால் நடந்தது இன்னும் வியப்பு. 1852-ல் ஆங்கிலேயர் பிடித்த கீழ்ப் பர்மாவில் ஐராவதியின் காடும் சதுப்பும் வயலாயின. அதற்குக் கடன் கொடுத்தவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் 1937-க்குள் கால்வாசி நிலம் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கே வந்தது. தமிழர் பணத்தில் விளைந்த அந்த அரிசி, 1930-களின் உலக மந்தத்தில் சென்னை மாகாணத்துக்குள் மலிவாக வந்து குவிந்தது. தஞ்சாவூர் நெல் விலை படுத்துவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை திறந்து புதுத் தண்ணீர் பாய்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். வாய்க்கால் நிறைந்தும் மிராசுதாரும் குத்தகைக்காரரும் கடனில் விழுந்தார்கள். பண்ணையாளின் நிலை அதைவிட மோசம். வயலுக்குத் தண்ணீர் மேட்டூரிலிருந்து வந்தது, நெல்லுக்கு விலை ரங்கூனிலிருந்து வந்தது.

1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. பர்மா அரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டே, காவிரி டெல்டாவைத் தன்னிடம் வைத்திருந்த மாகாணத்தின் தலைநகரான சென்னையில் அரிசிக்கு ரேஷன் வந்தது.