‘வால்வ் போயிடுச்சு’ என்று திட்டாதீர்கள்... உங்களைக் காப்பாற்றியதே அதுதான்!

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால், சுமார் 115 டிகிரி வரை போகும்.

சரி, வெயிட் போடும் துளை அடைத்துக்கொண்டால்? தண்ணீர் வற்றிவிட்டால்? அப்போதுதான் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வுக்கு வேலை. அதன் நடுவில் உள்ள பொட்டு உலோகம் உருகி, நீராவிக்கு வழிவிடும்.

வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும், பிஸ்மத்துக்கு 271. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால், சுமார் 138 டிகிரியிலேயே உருகிவிடும்! இப்படிச் சீக்கிரம் உருகும் கலவைகள்தான் வால்வில் காவல் இருக்கின்றன. தீ விபத்தின்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் சிலவற்றில், சுமார் 70 டிகிரியிலேயே உருகும் கலவைகூட உண்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலை ஏற்றிச் செல்வது நீராவி இன்ஜின். நீராவி இன்ஜின்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பாய்லரில், நெருப்புக்கு நேர் மேலே ஈயம் நிரப்பிய பிளக் இருக்கும். தண்ணீர் குறைந்தால் அது சூடேறும். 327 டிகிரியில் ஈயம் உருகும். நீராவி நெருப்பின் மேல் சீறி, ஓட்டுநரை எச்சரிக்கும்.

ஆக, உருகிய வால்வ் பழுதான வால்வ் அல்ல. வேலையை முடித்த வால்வ். அதைப் பசையாலோ ஆணியாலோ அடைத்துவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். குக்கர் நன்றாக ஆறியதும், அதே கம்பெனியின் புது வால்வை மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மூடும் முன், வெயிட் போடும் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.