வாசனைக்கு என்ன குணம்? ஜப்பானின் ஆறு அகில்கள்

இன்னைக்கு எபிசோட் வாசனை பத்தி. ஆனா பெர்ஃபியூம் ரிவ்யூ கிடையாது.

ஏதாவது ஒரு பெர்ஃபியூம் விளம்பரத்தை நினைச்சுப் பாருங்க. பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு பெரும்பாலும் சொல்லவே மாட்டாங்க. ஒரு ஆளைக் காட்டுவாங்க. தன்னம்பிக்கையா நடந்து வர்ற ஒருத்தர், இல்லன்னா எதையோ மறைச்சுச் சிரிக்கிற ஒருத்தி. "இதைப் போட்டா நீங்க இவங்க" அவ்வளவுதான். ஏன் வாசனையை மனுஷனா மாத்திச் சொல்றோம்?

என் பதில் இது: வாசனைக்கு நம்மகிட்ட சொந்தமா சொற்கள் ரொம்பக் கம்மி. நிறத்துக்கு சிவப்பு, பச்சைன்னு தனிப் பெயர் இருக்கு. வாசனைன்னு வந்தா மல்லிகை வாசனை, மண் வாசனைன்னு அது எதுலேருந்து வருதோ அந்தப் பொருளோட பெயரைத்தான் சொல்றோம். சரி, ஆறு வாசனையும் ஒரே பொருள்லேருந்து வந்தா என்ன பண்ணுவீங்க?

ஜப்பானியர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. அந்தப் பொருள் அகில். நம்ம சங்கப் பாடல்கள்ல கூந்தலுக்குப் புகை காட்டுவாங்களே, அதே அகில்தான். அரபியில ஊத். ஆங்கிலத்துல ஈகிள்வுட்னு ஒரு பெயர் உண்டு. அதுக்கும் கழுகுக்கும் சம்பந்தமே இல்லை. 'அகில்' என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில புகுந்து திரிஞ்சு போனதுதான்.

அகில் மரம் ஆரோக்கியமா இருந்தா அதோட கட்டை வெளுப்பா, லேசா இருக்கும். பெரிசா வாசனை வராது. மரத்துல காயம் பட்டு, உள்ளே பூஞ்சை புகுந்தா, தன்னைக் காப்பாத்திக்க அது ஒரு பிசினைச் சுரக்கும். வருஷக்கணக்கா அந்தப் பிசின் ஊறி, கட்டை கறுத்து, கனமாகி, தண்ணியில போட்டா மூழ்கிடும். ஜப்பானிய மொழியில இதுக்குப் பெயர் 'ஜின்கோ', அதாவது மூழ்கும் நறுமணம்.

இந்த மரம் ஜப்பான்ல இயற்கையா வளர்றது இல்லை. தென்கிழக்கு ஆசியாவிலேருந்துதான் வரணும். 595ஆம் ஆண்டு அவாஜி தீவுல ஒரு கட்டை கரை ஒதுங்கியது, தீவுக்காரங்க அதை விறகோட சேர்த்து அடுப்புல வச்சாங்க, வாசனை தூரம் வரைக்கும் பரவினதால அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாங்கன்னு 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல் சொல்லுது.

15ஆம் நூற்றாண்டு வாக்குல, வாசனையை ரசிக்கிறதே 'கோதோ' என்ற தனிக் கலையா வளர்ந்தது. இதுல கட்டையை எரிக்க மாட்டாங்க. ஒரு சின்னக் கிண்ணத்துல சாம்பல், அதுக்குள்ள புதைச்ச கரித்துண்டு, மேலே மெல்லிய அப்ரகத் தகடு, அதுமேல ஒரு துளி அகில் சில்லு. புகை வராது, சூட்டுல வாசனை மட்டும் எழும். இதை முகர்றதுன்னு சொல்ல மாட்டாங்க, 'கேட்கிறது'ன்னு சொல்வாங்க. பாட்காஸ்ட் பண்றவனுக்கு இந்த வார்த்தை பிடிக்காம இருக்குமா?

இப்போ அந்த ஆறு. அகில் கட்டைகளை ஆறு வகையா பிரிச்சு, ஐந்து சுவைகளால விவரிச்சாங்க: இனிப்பு, புளிப்பு, காரம், உப்பு, கசப்பு. நம்ம அறுசுவையில துவர்ப்பு மட்டும் மிஸ்ஸிங். சுவையும் பத்தாம போக, ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஆளைக் கொடுத்தாங்க.

கியாரா: மென்மையா, லேசான கசப்போட, ஒரு பிரபு மாதிரி. ராகோகு: கூர்மையானது, போர்வீரன். மனாகா: லேசானது, மனக்கசப்புல இருக்கிற ஒரு பெண்ணோட மனநிலை மாதிரி மாறிக்கிட்டே இருக்கும். மனாபான்: இனிப்பு, ஆனா நாசூக்கு இல்லாத குடியானவன். சசோரா: குளிர்ச்சியும் புளிப்பும், ஒரு துறவி. கடைசியா சுமோதரா, பெயரைப் பார்த்தாலே சுமத்ரான்னு தெரியுது. இது பிரபு வேஷம் போட்ட வேலைக்காரனாம்! ஏன்னா சில சமயம் கியாரான்னே ஏமாத்திடும்.

இந்தப் பட்டியலை முதல்ல படிச்சப்போ ரசிச்சேன். ரெண்டாவது தடவை படிக்கும்போது உறுத்துச்சு. உசத்தியான வாசனைன்னா பிரபு. முரட்டு வாசனைன்னா உழவன். மாறிக்கிட்டே இருந்தா பெண். மரத்துக்கு வர்க்கம் தெரியுமா? பட்டியல் போட்டவங்க யாரோட உட்கார்ந்து வாசனை கேட்டாங்க, யாரை வாசல்லயே நிறுத்தினாங்கன்னுதான் இது சொல்லுது. லேபிள் ஒட்டுறவரோட பார்வை லேபிள்ல ஒட்டிக்கும். டேட்டாவோட வேலை பார்க்கிற யாருக்கும் இது புதுசு இல்லை. இன்னைக்கு விளம்பரத்துல வர்ற "தன்னம்பிக்கையான ஆள்" கூட அப்படித்தான். அந்த ஆள் பாட்டிலுக்குள்ள இல்லை, விளம்பரம் எடுத்தவர் மனசுல இருக்கார்.

ஆனா அதே கோதோவில எந்த லேபிளும் தேவைப்படாத ஒரு விளையாட்டு இருக்கு. பெயர் கென்ஜிகோ. ஐந்து வகை வாசனை, வகைக்கு ஐந்து பொட்டலம், மொத்தம் 25. எல்லாத்தையும் கலைச்சு, ஐந்தை மட்டும் எடுத்து, ஒண்ணொண்ணா சுத்தி விடுவாங்க. நீங்க ஐந்து செங்குத்துக் கோடு போடணும். எது எது ஒரே வாசனைன்னு தோணுதோ அந்தக் கோடுகளை மேல ஒரு படுக்கைக் கோட்டால இணைக்கணும். அவ்வளவுதான்.

மொத்தம் எத்தனை விடை சாத்தியம்? 52. ஐந்து பொருட்களைக் குழுவா பிரிக்கிற வழிகள் 52. கணிதத்துல இதுக்குப் பெல் எண்ணுன்னு பெயர். டொனால்ட் நூத்கூட தன்னோட புகழ்பெற்ற அல்காரிதம் நூல்ல இந்த விளையாட்டைக் குறிப்பிடுறார். 54 அத்தியாயம் உள்ள 'கென்ஜியின் கதை' நாவல்ல முதலையும் கடைசியையும் விட்டுட்டு, மீதி 52 பெயரை இந்த 52 வடிவங்களுக்கு வச்சிருக்காங்க.

இந்த விளையாட்டு "நீ பிரபுவா, குடியானவனா?"ன்னு கேட்கலை. "உன்னை நான் ஏற்கெனவே சந்திச்சிருக்கேனா?"ன்னு மட்டும்தான் கேட்குது. அதுக்குப் பதில் சொல்ல பெரிய சொல்வளம் வேண்டாம். கவனம் வேணும்.

அந்தக் கவனத்துக்கு இன்னொரு தேவையும் இருக்கு. எந்த மரத்துக்குள்ள பிசின் ஊறியிருக்குன்னு வெளியிலேருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால காட்டுல நல்லா இருந்த மரங்களையும் வெட்டித் தள்ளினாங்க. 2004ல பாங்காக்ல நடந்த சைட்டீஸ் மாநாட்டுல, அக்விலேரியா இன மரங்கள் எல்லாத்தோட பன்னாட்டு வணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வர முடிவு பண்ணாங்க. கடையில ஊத்னு எழுதியிருக்கிற பல பாட்டில்கள்ல இருக்கிறது செயற்கை நறுமணம். ஒரு பெயரும் அதோட வர்ற ஒரு கெத்தும் அந்த அளவுக்கு விக்குது. கோதோவுக்கோ ஒரு சில்லு போதும்.

வீட்டுலயே இதைச் சின்னதா ட்ரை பண்ணலாம். மூணு கம்பெனி சந்தன ஊதுபத்தி வாங்குங்க. ஒவ்வொண்ணுலயும் மூணு துண்டு உடைச்சு, ஒன்பது காகிதப் பொட்டலமா மடிச்சுக் கலைச்சுடுங்க. அதுல மூணை எடுத்து, பத்த வைக்காம, கண்ணை மூடி ஒண்ணொண்ணா கேளுங்க. மொத்தம் ஐந்து விடைதான் சாத்தியம். எந்த ஐந்துன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

உங்களுக்கு எத்தனை சரியா வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.