வளைவுக்கு அப்பால் காத்திருக்கும் விநாடி: பந்தயத் திறனும் மலைச்சாலையும்

புது தில்லி: பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது தொலைவில் கோவை. அந்நகரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் அணி சார்பில் களமிறங்கி, ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அதே ஆண்டு இண்டியானாபோலிஸில் அவர் நான்காவது இடம் பிடித்தார். டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, 6 கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது.

இத்திறனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் மத்திய அரசுக்கே நெடுநாள் தெளிவு இருக்கவில்லை. ஃபார்முலா 1 போட்டியை விளையாட்டாகக் கருத முடியாது, அது கேளிக்கை என்ற நிலையை விளையாட்டு அமைச்சகம் 2009-இல் மேற்கொண்டது. மறு ஆண்டே விளையாட்டுத் துறைக்கான பத்மஸ்ரீ விருது நரேனுக்கு வழங்கப்பட்டது. 2019-இல் பந்தய வீரர் கௌரவ் கில் அர்ஜுனா விருது பெற்றார்.

கை வேகமா, கண் வேகமா?

பந்தயம் தொடங்கும்போது ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, எதிர்பாராத கணத்தில் ஒருசேர அணைகின்றன. அதைக் கண்டு காரை நகர்த்த வீரர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அதற்குள் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும்.

ஆயினும் உண்மையான திறன் இதில் மட்டும் இல்லை. பார்வை ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்ட், பெஞ்சமின் டாட்லர் ஆகியோர் ஒரு பந்தய வீரரின் கண், தலை அசைவுகளைப் பதிவு செய்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். கார் எந்த அளவு திரும்பப் போகிறது என்பதை வீரரின் தலை ஏறத்தாழ ஒரு விநாடி முன்னதாகவே காட்டிவிடுவது அதில் தெரியவந்தது. தடத்தின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, எடையை முன்சக்கரங்களில் நிறுத்தி, டயரின் பிடி எல்லையைத் தொட்டபடி திருப்புவது அந்த முன்னறிவால்தான் கைகூடுகிறது.

மலைச்சாலையில் இந்த முன்னறிவுக்கு இடமில்லை. போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கு ஏறும் சாலைகளிலும், சின்னாறு வனப்பகுதி வழியாக மூணாறு செல்லும் சாலையிலும் வளைவுக்கு அப்பால் இருப்பது பேருந்தா, தோட்டத் தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்பா, மண்சரிவா, யானையா என்பதை எவரும் மனப்பாடம் செய்ய இயலாது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகள், ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 2.5 விநாடி தேவை எனக் கணக்கிடுகின்றன. மணிக்கு 40 கி.மீ. வேகத்திலேயே அதற்குள் வாகனம் சுமார் 28 மீட்டர் சென்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றில் அவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றிப் பொது இடத்தில் மோட்டார் வாகனப் பந்தயம் நடத்துவதையும், அதில் பங்கேற்பதையும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. முதலில் ஒரு மாதச் சிறை அல்லது ரூ.500 அபராதம் என்றிருந்த உச்சபட்சத் தண்டனையை, 2019 திருத்தச் சட்டம் மூன்று மாதச் சிறை, ரூ.5,000 அபராதம் என உயர்த்தியது. மீண்டும் குற்றம் புரிந்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம்.

முறையான அனுமதியுடன் நகரச் சாலையிலும் பந்தயம் நடத்த முடியும் என்பதற்கு, 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடைபெற்ற ஃபார்முலா 4 பந்தயம் சான்று. அங்கு சாலை மூடப்பட்டிருந்தது. தடுப்புகளும் மருத்துவக் குழுவும் இருந்தன.

கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய பந்தயத் தடமும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடமும் உள்ளன. ஆனால், அங்கே பயிற்சி பெற ஆகும் செலவு எளிய குடும்பத்து இளைஞருக்கு எட்டாதது. தண்டனையை உயர்த்திய நாடாளுமன்றம், இந்த இடைவெளியைக் குறைக்கும் வழியையும் விவாதித்தாக வேண்டும். அதுவரை மலைச்சாலைகளில் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசைக்கு, எதிரே வருபவரும் விலை கொடுக்க நேரிடும்.