மாணவர் உருவாக்கிய விளையாட்டு, மங்காத காணொலி

எங்கள் பள்ளியில் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் ஸ்கிராட்ச் மென்பொருளில் சிறு விளையாட்டுகளை உருவாக்குகிறார்கள். சமான பின்னங்களைக் கூடையில் பிடிப்பது, ஓடிக்கொண்டே வாய்பாடு சொல்வது என ஒவ்வொன்றும் அவர்களது சொந்தக் கற்பனை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஆண்டு விழாவிலும் காட்டுவதற்காக, விளையாடும்போதே திரையைப் பதிவு செய்து, தொகுத்துக் காணொலியாக்குகிறோம். பதிவில் பளிச்சென்று இருந்த படம் இறுதிக் கோப்பில் மங்கிவிட்டால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்குத் தம் பிள்ளை செய்தது என்னவென்றே தெரியாது. இதைத் தவிர்க்கும் வழிகளைப் பார்ப்போம்.

ஏன் மங்குகிறது?

1920 × 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 6.2 எம்.பி. வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் எனில் சுமார் 187 எம்.பி. ஆகிறது. இதை அப்படியே சேமிக்க இயலாது என்பதால், எச்.264 போன்ற முறைகள் சுருக்குகின்றன. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துக்கொள்கின்றன; கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களை நீக்கிவிடுகின்றன. அசையாத கரும்பலகைக் காட்சி சிறிய கோப்பாகச் சுருங்குவதும், வேகமாக நகரும் விளையாட்டுக் காட்சி கட்டம் கட்டமாகச் சிதைவதும் இதனால்தான்.

நீக்கப்பட்ட நுணுக்கம் திரும்ப வராது. வினாத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையே மீண்டும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்னவாகும் என்பது நமக்குத் தெரியும். காணொலியும் அப்படியே. எனவே சுருக்கும் முறைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் விதி.

பதிவு செய்யும்போது

நான் பயன்படுத்துவது ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருள். இதில் கவனிக்க வேண்டியவை:

• அடிப்படை அளவு, வெளியீட்டு அளவு இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.
• சி.ஆர்.எஃப். என்னும் தர எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். மூலப்பதிவுக்கு 18 முதல் 20 வரை பொருத்தம்.
• எம்.கே.வி. வடிவில் பதிவு செய்தால் இடையில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பெரும்பாலும் தப்பிவிடும். பிறகு அதே மென்பொருளின் ‘ரீமக்ஸ்’ வசதியால் எம்.பி.4 ஆக்கலாம். இதில் உறை மட்டுமே மாறுகிறது, தரம் குறையாது.
• ஸ்கிராட்ச் மேடையின் அளவு 480 × 360 மட்டுமே. முழுத்திரையில் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். சிறிய பெட்டியைப் பதிவு செய்து பின்னர் பெரிதாக்கினால் தெளிவு வராது.

தொகுக்கும்போது

ஷாட்கட், கேடென்லைவ் போன்ற எந்தத் தொகுப்பு மென்பொருளானாலும், பதிவின் அளவும் ஃபிரேம் வேகமும் புராஜெக்டிலும் அதேபோல் இருக்க வேண்டும். கைபேசித் திரைப்பதிவுகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால் ஒலியும் படமும் விலகக்கூடும். அப்போது ஹேண்ட்பிரேக் மூலம் நிலையான வேகத்துக்கு மாற்றலாம். இதுவும் ஒரு முறை சுருக்குவதே என்பதால் தர அமைப்பை உயர்த்தி வையுங்கள்.

முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் லாஸ்லெஸ்கட் உதவும். அது மறுபடி சுருக்காது. ஆனால் வெட்டு, நாம் குறித்த இடத்துக்குச் சற்று முன்னரே தொடங்கலாம்.

ஏற்றுமதி செய்யும்போது

யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் நல்ல வழிகாட்டி. 1080 அளவில் 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12. 720 அளவில் முறையே 5, 7.5. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 8 மெகாபிட்டில் ஐந்து நிமிடக் காணொலி சுமார் 300 எம்.பி. வரும். இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லலாம்.

திருத்தம் தேவைப்பட்டால் ஏற்றுமதியான கோப்பில் கை வைக்காமல், புராஜெக்ட் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். ‘டாக்குமெண்ட்’ ஆக இணைத்தால் கோப்பு அப்படியே சேரும்.

நிறத் தேர்வு

இம்முறைகளில் பொதுவாக ஒளி வேறுபாடு முழுமையாகவும், நிற வேறுபாடு நீளத்திலும் அகலத்திலும் பாதியளவு நுணுக்கத்துடனும் பதிவாகின்றன. அதனால் நீலப் பின்னணியில் சிவப்பு நிற மெல்லிய எழுத்து கலங்கித் தெரியும். கறுப்பில் வெள்ளை அல்லது மஞ்சள், தடித்த எழுத்தில் மதிப்பெண்ணைக் காட்டுமாறு விளையாட்டை உருவாக்கும்போதே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முழுக் காணொலியையும் ஏற்றுமதி செய்யும் முன், வேகமான காட்சி ஒன்றைப் பத்து நொடி மட்டும் ஏற்றுமதி செய்து, காட்டப்போகும் திரையிலேயே ஓடவிடுங்கள். அதை உருவாக்கிய மாணவரைக் கடைசி பெஞ்சிலிருந்து மதிப்பெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடையின்றிப் படித்தால் அந்த அமைப்பையே முழுக் காணொலிக்கும் வைத்துக்கொள்ளலாம்.